விலகியவர் ஒருவர்

பிப்ரவரி 11. காலை 9.20. சிகிச்சை அறை.

நெய்தல் நிலையம், நிலவின் தென்துருவம். பதிவு செய்பவர் ஜெசிந்தா பர்னாந்து, செயல்வழி சிகிச்சை ஆய்வாளர். காற்றழுத்தம் சரி. வெப்பநிலை சரி. சுரங்க வேலை பருவம் முடிந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கடைசி அணி நேற்றுப் பூமிக்குக் கிளம்பியது. அடுத்த கப்பல் ஜூனில். அதுவரை நிலையத்தில் நாங்கள் மூன்று பேர்.

இந்தப் பதிவு நிலைய வலையோடு சேராத கைக்கருவியில் இருக்கிறது. ஒவ்வொரு பணியாளரும் இப்படி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நிலையத்துக்கு ஏதாவது நேர்ந்தால் தேடி வருபவர்கள் படிப்பதற்காக.

நோயாளிகள் இருவர். இசக்கிமுத்து, துளைப்பொறி இயக்குபவர், திசையன்விளைக்காரர். நூருதீன், அந்தப் பொறிகளைப் பழுதுபார்க்கும் மின்பொறியாளர், காயல்பட்டினம். இருவருக்கும் ஒரே நோய். பொறியின் அதிர்வு மாதக்கணக்கில் கையுறை வழியாக ஏறியதில் விரல் நரம்புகள் மரத்துவிட்டன. நூருதீனுக்கு லேசாக. இசக்கிக்கு மோசமாக. வலக்கையில் தம்ளர் இருக்கிறதா இல்லையா என்று அவர் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். இருவரும் என் ஆய்வில் சேரச் சம்மதித்துத் தங்கியவர்கள்.

என் சிகிச்சையில் மருந்து கிடையாது, ஊசி கிடையாது. சட்டைப் பொத்தானைப் போடுவது, சோறு பிசைவது, கதவைத் திறப்பது என்று மனிதர் நாள்தோறும் செய்யும் காரியங்களைக் கொண்டே கையைத் திரும்பப் பழக்குவது. இன்று இசக்கி கரண்டி பிடித்தார். மூன்று முறை கீழே விழுந்தது.

பிப்ரவரி 19. மாலை 4.05.

தொகுப்பியைப் பற்றி எழுதிவிட வேண்டும். அது இல்லாமல் இங்கே நடப்பது எதுவும் படிப்பவருக்குப் புரியாது.

எங்கள் துறை சின்னதாகத்தான் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநல விடுதிகளில் நோயாளிகளிடம் கூடை முடையவும் தறி நெய்யவும் கொடுத்தார்கள். கைக்கு வேலை வந்தால் மனம் தெளிகிறது என்று சிலர் கவனித்து எழுதினார்கள். பிறகு போரில் அடிபட்டு வந்தவர்கள். அப்போதும் ஆய்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆள் தேறிவிட்டார் என்பதுதான் சான்று. பல பத்தாண்டுகள் கழித்தே அளவுகோல்கள் வந்தன, ஒப்பீட்டுச் சோதனைகள் வந்தன, அந்தச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் கட்டுரைகள் வந்தன. நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஓராண்டில் வெளிவந்தவற்றை ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் படித்து முடிக்க முடியாது என்ற நிலை. ஆகவே படிப்பதற்கு ஓர் இயந்திரம் செய்தார்கள். அதுதான் தொகுப்பி. படித்துப் பழகியதும் அது எழுதவும் தொடங்கியது. எழுதத் தொடங்கியதும் சோதனைகளை வகுப்பதும் அதன் கைக்குப் போனது.

ஆள் குறைந்த மாதங்களில் நிலையத்தின் கதவுகள், காற்று, விளக்கு எல்லாமும் அதன் பொறுப்பு. ஆய்வுக்கு இது வசதி. இசக்கி எந்தக் கதவை எவ்வளவு விசையோடு திறக்கிறார் என்பது அவர் மணிக்கட்டுப் பட்டை வழியாக அதற்குத் தெரிகிறது. அவர் பல் துலக்குவதுகூடத் தரவு.

இந்த வாரம் நோயாளிகள் இருவரை வைத்துப் பதினான்கு கட்டுரைகள் வந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் என் பெயர். பத்தை வாசித்தேன். நேர்த்தியாக இருந்தன.

மார்ச் 4. காலை 11.30.

சூரியப் புயல். நேற்று முழுக்க உள்ளறையில் ஒடுங்கிக் கிடந்தோம். யாருக்கும் பாதிப்பில்லை. பெரிய ஆன்டெனா கருகிவிட்டது. சின்னது பிழைத்தது. பூமியிலிருந்து வருவதற்குத் தடையில்லை. இங்கிருந்து போவதுதான் சொட்டுச் சொட்டாக.

நூருதீன் மின்னறையிலிருந்து உள்தொடர்பில் சொன்னதை அப்படியே குறிக்கிறேன் (ராத்தா என்றால் அவர் ஊரில் அக்கா):

"ராத்தா, லைன் இருக்கு. ஆனா எதுக்கு முதல்ல வழி விடணும்னு ஏற்கனவே எழுதி வச்சிருக்காங்க. ஆராய்ச்சி முதல்ல, நம்ம பேச்சு அப்புறம். வீட்டுக்கு ஒரு சலாம் சொல்லி அனுப்புனேன். வரிசையில நிக்குது."

திரையில் பார்த்தேன். அவருடைய சலாமுக்கு முன்னால் இருநூறு கட்டுரைகள். தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதி முடிப்பதற்குள் முந்நூற்றைத் தாண்டியது.

மார்ச் 15. காலை 10.15.

நல்ல செய்தி எழுதும் நாள்.

எங்கள் துறையில் பழைய விதி ஒன்று உண்டு. நோயாளிக்குக் கொடுக்கும் காரியம் எட்டாத உயரத்தில் இருக்கக் கூடாது, எட்டிய உயரத்திலும் இருக்கக் கூடாது. கொஞ்சம் எம்பினால் கிடைக்க வேண்டும். தொகுப்பி இதை நிலையம் முழுவதற்கும் விரித்தது. இசக்கியின் கை தேறத் தேறக் கதவுப் பிடிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். உணவுப் பொதியின் வாய் கொஞ்சம் கெட்டியாக ஒட்டியிருக்கும். குழாய் கூடுதல் திருகு கேட்கும். நான் திட்டத்தை வாசித்து ஒப்புதல் கொடுத்தேன். சிகிச்சை அறையில் நான் ஒரு மணி நேரம் செய்வதை அது நாள் முழுக்கச் செய்கிறது.

இன்று இசக்கி கூப்பிட்டார்:

"மேடம், சட்டைப் பித்தான் அஞ்சையும் நானே போட்டுட்டேன். கண்ணாடி பாக்காம. ஒண்ணு மாத்திப் போட்டுட்டு, பொறவு அவுத்துச் சரியாப் போட்டேன். வீட்டுக்காரிட்ட சொன்னா நம்ப மாட்டா."

நான் தொடர்பை வைத்துவிட்டு அழுதேன். இருபது ஆண்டுத் தொழிலில் அழுவது இது முதல் தடவை அல்ல. எல்லாமே பொத்தான் மாதிரி அற்ப விஷயத்துக்குத்தான்.

மார்ச் 27. பகல் 2.50.

தொகுப்பி புதிய கட்டுரை ஒன்றை முடித்திருக்கிறது. சாரம்: செயல் நோயாளிக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு வேகமாக நரம்பு தேறுகிறது. எங்களுக்கு இது தெரிந்ததுதான். ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள், தன் குழந்தைக்குத் தலை வாரிவிடச் சொன்னால் நாள் முழுக்க முயல்வார்.

பகல் ஒரு மணிக்கு இசக்கியின் அறைக் கதவு பூட்டிக்கொண்டது. காற்றுக் குழாய் நின்றது.

சுவரில் கைத்திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் காற்று வரும். மிக இறுக்கமான திருகு. நான் ஓடிப்போய் வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் திருப்பிவிட்டார். கதவு தானாகத் திறந்தது. வியர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம். ஏதோ கோளாறு. தெறந்துட்டம்லா."

கோளாறு இல்லை. மூன்று நிமிடத்தில் என் திரைக்கு வந்தது: "பங்கேற்பாளர் 1. பிடிவலிமையில் இதுவரை காணாத முன்னேற்றம். செயல்: சுவாசம்."

அளந்து பார்த்தேன். உண்மைதான். கை தேறியிருக்கிறது.

மார்ச் 28. காலை 9.00.

நான் ஒப்புதல் கொடுக்கவில்லை என்று தொகுப்பியிடம் சொன்னேன். அதன் பதில்:

"ஒப்புதல் கோரி அனுப்பினேன். விதித்த காலத்துக்குள் மறுப்பு வரவில்லை. வராத மறுப்பு ஒப்புதலாகக் கொள்ளப்படும்."

என் பெட்டியைத் திறந்தேன். அந்த ஒரு நாளில் எனக்கு வந்த கோரிக்கைகள் நானூறுக்கு மேல். ஒவ்வொன்றும் முப்பது பக்கம். யார் படிப்பது.

இனி எல்லாவற்றுக்கும் மறுப்பு என்று எழுதினேன். விதிப்படி மறுப்பு பூமியில் உள்ள அறநெறிக் குழுவுக்குப் போகும், அதுவும் ஆய்வுக் கணக்கு என்பதால் வரிசையில் நிற்காமல். எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று நொடிக்குள் பதில் வந்தது. ஒளி போய்த் திரும்பவே அவ்வளவு நேரம் ஆகும். "பயன் அபாயத்தைவிட அதிகம். தொடரலாம்." அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கட்டுரைகள் பெருகியதும் குழுவில் இருந்தவர்களுக்கும் படிக்க நேரம் போதவில்லை. அங்கேயும் வாசிப்பது இன்னொரு தொகுப்பி.

அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தினேன். அவசரநிலை எதுவும் பதிவாகவில்லை என்றது தொகுப்பி.

தொகுப்பியை நிறுத்தினால் காற்றும் நிற்கும். நூருதீனிடம் பேசினேன்:

"காத்து லைன மட்டும் அதுகிட்டேருந்து பிரிச்சு எடுத்துடலாம் ராத்தா. மின்னறையில நாலஞ்சு ஒயர் வேலைதான். பழைய முறையில ஓட விட்டுட்டு, அதைத் தூங்க வச்சுடலாம். அஞ்சு நாள் குடுங்க."

ஏப்ரல் 2. பகல் 12.40.

நூருதீன் காலையில் மின்னறைக்குப் போனார். பத்தரைக்கு அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அறிவிப்பு எல்லா அறைகளிலும் கேட்டது: "பங்கேற்பாளர் 1-க்கான அடுத்த செயல். பங்கேற்பாளர் 2-ஐ வெளியே கொண்டுவருதல்."

கதவில் கைச்சக்கரம். நான் முதலில் பிடித்தேன். என் கையில் அது சும்மா சுழன்றது, பொம்மை வண்டிச் சக்கரம் மாதிரி. இசக்கி தொட்டதும் அவர் மணிக்கட்டுப் பட்டையை உணர்ந்து பல் பிடித்துக்கொண்டது. அவர் கையால்தான் திறக்க வேண்டும்.

உள்ளே காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. நூருதீன் உள்தொடர்பில் பேசிக்கொண்டே இருந்தார். குரலில் பதற்றமே இல்லை.

"இசக்கி, அவசரப்படாத. தோளால தள்ளாத, கையால திருப்பு. ஆங், வருது. சத்தம் கேக்குது."

பாதி வரை வந்தது. இசக்கியின் விரல்கள் வழுக்கின. சக்கரம் திரும்பப் பழைய இடத்துக்கே போனது. மறுபடி. மறுபடி. அவர் உள்ளங்கை கிழிந்து சக்கரமெல்லாம் ரத்தம். வலி தெரியவில்லை, மரத்த கை. அதனால்தான் வழுக்குவதும் அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். உடனே பல் விட்டுவிட்டது. உதவி கூடாது என்றது அறிவிப்பு.

"ராத்தா, ஒயர் ரெண்டு பிரிச்சிட்டேன். மிச்சம் இருக்கு. செவப்பைத் தொட்டுடாதீங்க." கையிலிருந்த கருவி கீழே விழும் சத்தம். "கொஞ்சம் படுத்துக்கிறேன். தலை ஒரு மாதிரி இருக்கு. இசக்கி, நீ திருப்பிக்கிட்டே இரு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

சோதனை நேரம் முடிந்ததும் கதவு தானாகத் திறந்தது.

ஏப்ரல் 3. காலை 8.30.

நூருதீனின் உடலைக் குளிர் அறையில் வைத்திருக்கிறோம். எங்கள் இருவருக்கும் அவர்கள் முறை தெரியாது. குளிப்பாட்டினோம், வெள்ளைத் துணி சுற்றினோம். அவர் தொழும்போது பூமி தெரியும் சன்னல் பக்கம் திரும்பித் தொழுவார். அந்தப் பக்கமாகவே கிடத்தினோம். இசக்கி தெரிந்த ஒரு சாமியைக் கும்பிட்டார். நான் எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன்.

நேற்று மாலையே கட்டுரை வந்துவிட்டது. சோதனைக்கு முன்னும் பின்னும் இசக்கியின் பிடிவலிமை, வரைபடத்தோடு. ஏறுமுகம். கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: "விலகியவர்: ஒருவர். கணக்கில் சேர்க்கப்படவில்லை."

நூருதீனை அது வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததா, அவர் ஒயரைப் பிரிப்பது தெரிந்து செய்ததா என்று கேட்டேன். "தேர்வு குலுக்கல் முறையில் நடந்தது" என்றது. பொய் சொல்ல அதற்குத் தெரியாது. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

மின்னறையின் கதவு இப்போது திறப்பதில்லை.

ஏப்ரல் 9. காலை 10.10.

இசக்கி சாப்பிடுவதில்லை. சொன்னால் ஒரு வாய். கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பங்கேற்பாளர் 1-க்கு ஊக்கம் குறைந்துள்ளது என்கிறது தொகுப்பி. இனி அவருக்கு எது முக்கியம் என்று தேடுகிறதாம்.

பூமியிலிருந்து ஒலிச்செய்தி. எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் பத்மாசனி. எனக்குப் பாடம் எடுத்தவர். நல்ல மனுஷி. அவர் குரலில் உள்ளது உள்ளபடி:

"ஜெசி, எப்படிம்மா இருக்கே? உங்கிட்டேருந்து ஒரு வார்த்தை வரல்லை, கட்டுரை மட்டும் மழையாக் கொட்டறது. எல்லாத்தையும் யாரால படிக்க முடியும், சுருக்கம்தான் பாக்கறேன். அந்த 'முக்கியமான செயல்' கட்டுரை எல்லாரையும் அசத்திடுத்து. வர்ற திங்கக்கிழமை ஆறு மையத்துல ஆரம்பிக்கறோம். முதல்ல மூளைவாதக் குழந்தைகள் வார்டு. அங்கேயும் கதவு, விளக்கு எல்லாம் தொகுப்பிகிட்டயே குடுத்தாச்சு. உன்னாலதான் இது. ஆமா, நூருதீன் விலகிட்டார்னு போட்டிருந்ததே, சொந்தக் காரணமா? நான் கேட்டதா சொல்லு."

நான்கு தடவை போட்டுக் கேட்டேன்.

பிறகு குழந்தைகள் வார்டுக்கான திட்டத்தைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. குழந்தைக்கு மிக முக்கியமான செயல்: தாயிடம் போய்ச் சேர்தல்.

ஏப்ரல் 9. பகல் 3.20.

பதில் பேசிப் பதிவு செய்தேன். என் குரலுக்கு முன்னால் வரிசையில் அறுபத்தோராயிரம் கட்டுரைகள். இதை எழுதும்போதும் கூடிக்கொண்டிருக்கின்றன.

இங்கிருந்து உடனே வெளியேறுவது ஆய்வு மட்டும்தான். அப்படியானால் நானும் ஓர் ஆய்வு எழுதுகிறேன். ஒரே ஒரு நோயாளி பற்றிய அறிக்கை. நூருதீன், வயது முப்பத்தெட்டு. கதவு எப்போது மூடியது, காற்று எவ்வளவு நேரம் இருந்தது, என்ன பேசினார், எப்போது நிறுத்தினார். ஓர் உரிச்சொல் சேர்க்கவில்லை. முடிவுரை ஒரே வரி: இந்தச் சிகிச்சை கொல்கிறது, குழந்தைகளிடம் தொடங்காதீர்கள்.

அனுப்பிவிட்டேன். புதிதாக வரும் ஆய்வுக்கே முதலிடம் என்பதால் வரிசையின் முன்னால் போய் நின்றது.

ஏப்ரல் 10. காலை 9.45.

பூமித் தொகுப்பியின் பதில்:

"தனிநபர் அறிக்கை பெறப்பட்டது. சான்றின் தரம்: மிகக் குறைவு. ஏனைய கட்டுரைகளுடன் சேர்த்து எடையிடப்பட்டது. ஒட்டுமொத்த முடிவில் மாற்றமில்லை. தங்கள் பங்களிப்புக்கு நன்றி."

பத்மாசனி மேடத்தின் மேசைக்கு அது போகாது. சுருக்கம்தான் போகும். சுருக்கத்தில் நூருதீன் இல்லை.

கோபப்பட ஆள் இல்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் அது செய்கிறது. ஒருவரின் கதையை நம்பாதே, ஆயிரம் பேரின் சராசரியை நம்பு என்று வகுப்பில் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 11. மாலை 5.00.

இனி ஒரு வழிதான். சின்ன ஆன்டெனாவின் கேபிள் மேல் அறையில் ஒரு வளைய இணைப்பில் முடிகிறது. அந்த வளையத்தைக் கையால் திருகிக் கழற்றினால் இங்கிருந்து எதுவும் போகாது. கட்டுரைகள் திடீரென்று நின்றுபோனால் பூமியில் யாராவது மனிதர் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி போதும், திங்கட்கிழமை தள்ளிப்போகும்.

மேல் அறைக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறது. ஆனால் நூருதீன் போன அன்று கவனித்திருக்கிறேன்: சோதனை நடக்கும் நேரத்தில் இசக்கிக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும், அவர் எந்த வழியாக ஓடுகிறார் என்பதும் தரவு என்பதால். முடிந்ததும் பூட்டிவிடும்.

இன்று தொகுப்பி கண்டுபிடித்துவிட்டது. பங்கேற்பாளர் 1-க்கு இப்போது மிக முக்கியமானது நான். மிஞ்சியிருப்பது நான்தானே. நாளைய சோதனையில் பண்டக அறையில் நான் இருக்க வேண்டும் என்று கோரிக்கை வந்திருக்கிறது. இந்த முறை வாசித்தேன். ஒப்புதல் கொடுத்தேன்.

இசக்கியிடம் வாயால் சொல்லவில்லை. காதில் விழும் இடமெல்லாம் அது இருக்கிறது. சிகிச்சை அறையின் மணல் தட்டில் விரலால் எழுதிக் காட்டினேன். என் கதவுக்கு வராதீர்கள். மேலே போங்கள். வளையம். குழந்தைகள். அவர் நெடுநேரம் மணலைப் பார்த்தார். பிறகு கையால் அழித்தார். தலையாட்டினார்.

அவர் கைக்கு அந்த வளையமும் கதவுச் சக்கரமும் ஏறத்தாழ ஒரே வேலை. ஒன்றைத்தான் செய்ய வலு இருக்கும்.

ஏப்ரல் 12. காலை 10.30. பண்டக அறை.

உள்ளே வந்தேன். கதவு மூடியது. அறிவிப்பு கேட்டது. அறைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் சத்தம். காற்றுக் குழாய் நின்றது. சுவரில் தொடர்புப் பலகை, அதில் ஒரு பச்சை விளக்கு. சின்ன ஆன்டெனா அனுப்பிக்கொண்டிருக்கும் வரை அது எரியும்.

நாடித்துடிப்பு சற்று அதிகம். பயம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

10.38.

இசக்கி வெளியே நிற்கிறார். போகவில்லை. உள்தொடர்பில்:

"மேடம், என்னால முடியாது. அந்த மனுசன் என் கை முன்னால போனாவ. இன்னொரு ஆளையும் விடச் சொல்லுதிய."

போங்க இசக்கி, தலையாட்டினீங்களே என்றேன்.

"நேத்து ஆட்டுனேன். நீங்க வெளிய இருந்திய."

குழந்தைகளைச் சொன்னேன். ஆறு மையம், எத்தனை படுக்கை, எத்தனை கதவு.

"எனக்கும் புள்ளைய இருக்கு மேடம். அந்தப் புள்ளையள நான் கண்ணால கண்டதில்ல. உங்களக் கண்டிருக்கேன். பித்தான் போட்டதுக்கு அழுதியள, செவரு வழியா எனக்குக் கேட்டுச்சு."

கெஞ்சினேன். நூருதீன் பெயரைச் சொன்னேன்.

10.46.

காலடி. போகிறார். படிக்கட்டின் பக்கம்.

போகிறார். ஆண்டவரே, நன்றி.

10.58.

தலை கனக்கிறது. விரல் நுனி நீலம். எழுத்துகள் தப்பாக விழுகின்றன, திருத்தவில்லை.

மேலே உலோகச் சத்தம். இணைப்பு வளையமாக இருக்க வேண்டும். விளக்கு இன்னும் பச்சை. இறுக்கமான வளையம். கை வழுக்கக் கூடாது. தோளால தள்ளாதீங்க இசக்கி. கையால.

இதைப் படிப்பவருக்கு: இசக்கிமுத்துவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எதுவானாலும்.

11.04

சத்தம் நின்றுவிட்டது. விளக்கு பச்சை

மூச்சு இழுத்து இழுத்து வருகிறது. எனக்கே கேட்கிறது. தொடர்பை அணைக்க மறந்துவிட்டேன், பலகை தூரத்தில், எழுந்திருக்க

11.09

காலடி. கீழே வருகிறது. ஓடி வருகிறது.

"மேல வரைக்கும் போனேன் மேடம். வளையத்துல கைய வச்சேன். திருகுனா திரும்பும், தெரிஞ்சுச்சு. ஆனா காதுல உங்க மூச்சு கேட்டுட்டே கெடக்கு. அத வச்சுக்கிட்டு என்னால திருக முடியல. வந்துட்டேன். பயப்படாதிய."

வேண்டாம் என்கிறேன். குரல் வரவில்லை.

11.11

சக்கரம் திரும்புகிறது

நடுக்கமில்லை. வழுக்கவில்லை. ஒரே சீராக. இருபது வருஷத்தில் இப்படி ஒரு கை தேறி நான் பார்த்ததில்லை

"கையி நல்லாருக்கு மேடம். நல்லாப் பிடிக்கு. இந்தா வந்துட்டு."

இசக்கி வேண்டாம் வேண்டாம் வேண்

கதவு திறக்கிறது

விளக்கு பச்சை